வாச்சாத்தி: ஒரு கிராம விவரக் குறிப்பு

கிராம விவரக் குறிப்பு என்றொரு எழுத்து வகை உண்டு. இலக்கியக்காரர்கள் யாரும் அதை எழுத்து என்று மதிப்பதில்லை. ஊரின் பெயர், வட்டம், பரப்பு எத்தனை ஹெக்டேர், குடும்பங்கள் எத்தனை, ஆண் எத்தனை பெண் எத்தனை, அவர்களில் பழங்குடியினர் எத்தனை, எழுத்தறிந்தவர்கள் எத்தனை. அப்புறம் வசதிகள்: பள்ளிக்கூடம் உண்டா, கிணறு உண்டா, ஏரி உண்டா, கரண்ட் உண்டா. பிறகு தூரம்: பக்கத்து நகரம், ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், பஸ் நிற்கும் இடம். 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த கணக்கெடுப்புகளின் மாவட்டக் கையேடுகளில் ஒவ்வொரு ஊரும் இப்படி ஒரே ஒரு வரியாகப் படுத்துக் கிடக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு ஊரைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவர்கள்தான் நம்மை ஆளுகிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அந்த வேடிக்கையில் சம்மதமில்லை. அந்த வரியை அவர்கள் மிக நன்றாகவே படிக்கத் தெரிந்தவர்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் போகிறது.

முதலில் தூரம் பற்றி. குறிப்பில் வருகிற தூரமெல்லாம் ஊரிலிருந்து ஆபீசுக்குப் போகிற தூரம். ஊர்தான் நடந்து போகவேண்டும். மனு கொண்டுபோக வேண்டும், பிரசவ வலி எடுத்தவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போகிறதுக்கும் வருகிறதுக்கும் தூரம் ஒன்றுதானே என்று கேட்கலாம். கிலோமீட்டர் கணக்கில் ஒன்றுதான். ஆனால் 'உள்ளடங்கிய கிராமம்', 'ஒதுக்குப்புறமான ஊர்' என்று எழுதும்போது, எதற்கு உள்ளே, எதிலிருந்து ஒதுங்கி என்று யாரும் கேட்பதில்லை. தாலுகா ஆபீசு மேஜையில் உட்கார்ந்து பார்க்கிற கண்ணுக்குத்தான் ஊர் ஒதுங்கியிருக்கிறது. ஊரில் நின்று பார்க்கிறவனுக்கு ஊர் ஊராகத்தான் இருக்கிறது. தாலுகா ஆபீசுதான் எங்கோ ஒதுங்கியிருக்கிறது. இதில் 'குக்கிராமம்' என்ற சொல்லை வேறு நாம் கூசாமல் பயன்படுத்துகிறோம். வடமொழியில் 'கு' என்கிற முன்னொட்டு இழிந்தது, அற்பமானது என்ற பொருளைத் தருவது. அற்பக் கிராமம். சின்ன ஊர் என்று சொல்லத் தமிழில் சிற்றூர் இருக்கிறது. ஆனாலும் அரசுக் கோப்பிலும் செய்தித்தாளிலும் குக்கிராமம்தான் நிலைத்துவிட்டது.

கிராமத்தை எழுதுவது என்பது இங்கே அதிகாரத்தோடு கூடப் பிறந்த வேலை. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலைக் கும்பினி பறித்துக்கொண்டதும் முதலில் அனுப்பியது அலெக்சாண்டர் ரீடையும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவையும். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஊர்களை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, யார் எவ்வளவு கட்டவேண்டும் என்று எழுதியதுதான் ரயத்துவாரி முறைக்கு அடிப்படை. அதாவது, நாம் பேசப்போகும் பகுதி தமிழ்நாட்டில் எழுதப்படாமல் விடுபட்ட பகுதி இல்லை. வெள்ளைக்காரன் முதலில் எழுதிப் பழகிய பகுதிகளில் ஒன்று.

அப்புறம் கிராமம் ஒரு கருத்தாக வளர்ந்தது. 1830இல் சார்லஸ் மெட்காப் இந்தியக் கிராமங்களைச் சின்னச் சின்னக் குடியரசுகள் என்றார். அது காந்தி வரை வந்தது. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்தக் குடியரசுப் புகழ்ச்சியைப் போட்டு உடைத்தார். கிராமம் குறுகிய புத்தியும் அறியாமையும் சாதியும் தேங்கிய குட்டை என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்கு இடையில் 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை ஊருக்கு அனுப்பி, கேள்வித்தாள் கொடுத்து, இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் போன்ற ஊர்களைப் பற்றி எழுத வைத்தார். அதே ஊர்களுக்கு 1930களிலும் 1960களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். பாக்கியம் செய்த ஊர்கள்!

மெட்காப்பாகட்டும், ஸ்லேட்டராகட்டும், எதிர்நிலையிலிருந்து அம்பேத்கராகட்டும், இவர்கள் மனதில் இருந்த கிராமம் சமவெளிக் கிராமம். கோயில், ஏரிப்பாசனம், ஊர், சேரி, கர்ணம், மணியக்காரர் என்று அமைந்த கிராமம். மலையடிவாரத்து ஊர் அந்தச் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. அதன் வாழ்க்கையில் பாதி நிலத்தில் இருக்கிறது, பாதி காட்டில் இருக்கிறது. விவரக் குறிப்பில் காடு வராது. வந்தாலும் ஊரின் சொத்தாக வராது. காப்புக்காட்டின் எல்லைக்கல் எங்கே நடப்பட்டதோ அங்கே ஊர் முடிந்துவிடும்.

வாச்சாத்தி அப்படியொரு ஊர். தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். இந்தப் பெயர் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆளுகிறவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்றுபேர் வந்தார்கள், சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் தங்கினார்கள் என்ற அவர்களது கதையை 1909இல் எட்கார் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். பழங்குடிப் பட்டியலில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு மாவட்டப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட மாவட்டங்களில் இருந்தால்தான் பழங்குடி. எல்லையைத் தாண்டி அடுத்த மாவட்டத்து மலையில் இருந்தால் இல்லை. ஒரு மனிதன் யார் என்பதைக் கலெக்டர் எல்லை தீர்மானிக்கிற விசித்திரம் இது.

காட்டின் கதைக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856இல் கிளெகார்ன் தலைமையில் தொடங்குகிறது. ரயிலுக்குத் தண்டவாளக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் தேவைப்பட்ட காலம். 1882இல் சென்னை வனச்சட்டம். அது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. இந்த இடத்தைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வரும். ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் அதிகாரியிடம் வந்து உரிமையை நிரூபிக்க வேண்டும். வராதவன் உரிமை போச்சு. அரசிதழ் எங்கே, எழுதப் படிக்கத் தெரியாத மலைக்காரன் எங்கே! தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விதைத்த கொத்துக்காட்டுக்கு அவன் என்ன பத்திரத்தைக் காட்டுவான்? இப்படியாக நேற்றுவரை காட்டில் வாழ்ந்தவன் மறுநாள் காலையில் அத்துமீறி நுழைந்தவன் ஆனான். அவன் நகரவில்லை, கோடு நகர்ந்தது. கடுக்காய் பொறுக்கினால், ஆடு மேய்த்தால், விறகு எடுத்தால் எல்லாவற்றுக்கும் கார்டுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். பணமாகவோ கோழியாகவோ கூலியில்லா வேலையாகவோ. இந்த வரலாற்று அநீதியை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டு முகப்புரையில் எழுதியது 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில்தான்.

இந்தக் காட்டில் ஒரு மரம் மட்டும் தனிச் சாதி. சந்தனம். மைசூரில் திப்பு அதை அரச மரமாக்கியதாகச் சொல்வார்கள். பின்னால் வந்தவர்களும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. தமிழ்நாட்டில் சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்தாலும் அந்த மரத்தின்மேல் நிலத்துக்காரனுக்குத் தன்னிச்சையான பாத்தியதை கிடையாது. இந்தப் பிடி 2000களின் தொடக்கத்தில்தான் கொஞ்சம் தளர்ந்தது. தாவரவியல்காரர்கள் சந்தனத்தை ஒட்டுண்ணி என்பார்கள். பக்கத்து மரஞ்செடிகளின் வேரில் தன் வேரைப் பொருத்தி உறிஞ்சி வளர்கிறது. வைரம் பாயப் பல பத்தாண்டு பிடிக்கும். எண்ணெய் வேரிலும் இருப்பதால் வெட்டுகிறவன் வேரோடு பிடுங்கிப் போவான். ஆகவே மரம் போனால் திரும்பத் துளிர்ப்பது அரிது.

சித்தேரியிலும் ஜவ்வாதிலும் சத்தியமங்கலத்திலும் சந்தனம் அழிந்த கதையை 'கடத்தல்' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுகிறோம். கடத்தல் ஒரு தொழில். அதற்கு முதலாளி உண்டு, லாரி உண்டு, சமவெளியில் குடோன் உண்டு, வாங்குகிற ஆலை உண்டு, சோதனைச் சாவடியில் தடியைத் தூக்கிவிடுகிற கை உண்டு. கடைசிப் படியில் மரத்தை வெட்டித் தலைச்சுமையாகக் கீழே இறக்குகிறவன் இருக்கிறான். அன்றாடக் கூலிக்காரன். எங்களை வெட்டச் சொன்னதே வனத்துறைக்காரர்கள்தான் என்று வாச்சாத்தி மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அரூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் இதைத் தன் பாணியில் விளக்கினார்: "வெட்டுனவன் கைல நூறு ரூவா, வெட்டச் சொன்னவன் வூட்டுல மாடி. கேசு யாரு மேல? கைல மணம் எவனுக்கு இருக்கோ அவன் மேல." இதற்குமேல் அரசியல் பொருளாதாரம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

1992 ஜூன் 20. அன்று வாச்சாத்திக்குள் 269 அரசு ஊழியர்கள் நுழைந்தார்கள். வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. சந்தனக்கட்டை தேடி வந்ததாகக் காரணம். ஆண்களில் பலர் மலைக்குள் ஓடிவிட்டார்கள். எஞ்சியவர்களை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் வயதானவர்களையும், ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களைக் கட்டை எங்கே என்று காட்டச்சொல்லி ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். பிறகு அரூர் வனச்சரக அலுவலகத்தில் இரவு முழுக்க வைத்துச் சித்திரவதை. 133 பேர் கைது: பெண்கள் 90, ஆண்கள் 15, குழந்தைகள் 28. சேலம் சிறை. ஊரில் இருந்த வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. ஆடு மாடு கோழியை அறுத்துத் தின்றார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள், செத்த ஆடுமாடுகளின் மிச்சத்தைப் போட்டார்கள். ஊர் காலியானது.

இதை வெறி என்று எழுதலாம். பலர் அப்படித்தான் எழுதினார்கள்: 'வெறியாட்டம்'. எனக்கு அந்தச் சொல் போதவில்லை. வெறிபிடித்தவன் கையில் கிடைத்ததை உடைப்பான். இங்கே உடைக்கப்பட்டவற்றின் வரிசையைக் கவனியுங்கள். வீடு, தானியம், கால்நடை, குடிநீர்க் கிணறு. இதை நான் எங்கே பார்த்தேன்? கிராம விவரக் குறிப்பில். ஓர் ஊர் உயிரோடிருக்க என்னென்ன வேண்டும் என்று அரசாங்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணி எழுதுகிறதோ அதே வரிசை. ஒவ்வொரு கட்டமாகத் தேடிப்போய் அழித்திருக்கிறார்கள். உண்டு என்று எழுதிய இடத்தில் எல்லாம் இல்லை என்று ஆக்கியிருக்கிறார்கள். விவரக் குறிப்பைத் தலைகீழாகப் படித்த வாசிப்பு என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அந்த ஆறு வருவாய்த்துறையினர் மேல்தான் என் கவனம் போகிறது. வழக்கு பற்றிய பேச்சில் அவர்கள் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார்கள்; எண்ணிக்கை குறைவு அல்லவா. வனத்துறைக்காரனுக்குக் கட்டை தேடுகிற வேலை, போலீசுக்குப் பிடிக்கிற வேலை. வருவாய்த்துறைக்கு அங்கே என்ன வேலை? அடங்கலும் சிட்டாவும் அ-பதிவேடும் வைத்திருக்கிற துறை அது. சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டபோது, பண்ணையார் பிடியிலிருந்து ஊர்க்கணக்கு விடுபட்டது என்று நாம் சந்தோஷப்பட்டோம். நியாயமான சந்தோஷம்தான். ஆனால் கணக்கு யாரிடமிருந்து போனது என்று பார்த்த அளவுக்கு யாரிடம் போய்ச்சேர்ந்தது என்று பார்க்கவில்லை.

வாச்சாத்தியைப் பற்றிப் பேசினாலே வீரப்பன் பெயர் வந்துவிடுகிறது. சினிமா, தொடர், யூடியூப் எல்லாவற்றிலும் இப்படித்தான். வீரப்பன் தேடுதல் என்ற பெயரில் பழங்குடி மக்கள் பட்ட பாடு தனி வரலாறு, ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்து அதை நமக்குக் காட்டியது. ஆனால் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். வீரப்பன் நடமாடிய காடு மேற்கே, காவிரியை ஒட்டி, மாதேஸ்வரன் மலை, சத்தியமங்கலம். சித்தேரி கிழக்கே. நடுவில் சமவெளி. அப்புறம் எப்படி இந்தப் பெயர் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது? பெயர் இருந்தால் வசதி. வீரப்பன் இருக்கிற காட்டில் எதுவும் நடக்கலாம், அங்கே நடப்பதைப் போர்க்கால நியதிப்படித்தான் பார்க்கவேண்டும் என்றொரு மனநிலையை அந்தப் பெயர் உண்டாக்கித் தருகிறது. அந்த மனநிலைக்குள் வாச்சாத்தியைத் தள்ளிவிட்டால் அது விதிவிலக்கு ஆகிவிடும், அசாதாரணக் காலத்தின் அசாதாரண சம்பவம் ஆகிவிடும். 1882இலிருந்து கார்டுக்குக் கோழி கொடுத்துவந்த அன்றாடத்தோடு அதற்கு இருக்கும் தொடர்பு அறுந்துபோகும். நான் மறுக்க விரும்புவது இந்த அறுப்பைத்தான்.

ரணஜித் குஹா 1983இல் அடித்தள மக்கள் ஆய்வு வரிசையின் இரண்டாம் தொகுதியில் எழுதிய, கிளர்ச்சியை ஒடுக்குவோரின் உரைநடை பற்றிய கட்டுரை நம்மில் பலர் படித்ததுதான். சம்பவம் நடந்த சூட்டில் அதிகாரி எழுதும் கடிதம், பிறகு ஓய்வாக எழுதும் நினைவுக் குறிப்பு, அதன்பின் வரலாற்றாசிரியன் எழுதும் நூல் என்று மூன்று அடுக்குகளாக அவர் பிரிப்பார். மூன்றாவது அடுக்குக்காரன் தன்னை நடுநிலையாளன் என்று நினைத்துக்கொண்டே முதல் அடுக்கின் சொற்களில் பேசுவான் என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. வாச்சாத்தியில் இதை அப்படியே பார்க்கலாம். முதல் அடுக்கில் அது 'சோதனை'. கைதானவர்கள் 'கடத்தல்காரர்கள்'. புகார் வந்தபோது அரசு மறுத்தது. பொறுப்புள்ள அரசாங்க உத்தியோகஸ்தர்கள், குடும்பம் குட்டி உள்ளவர்கள், அதுவும் இத்தனைபேர் சேர்ந்து இப்படிச் செய்வார்களா என்ற கேள்வி அப்போது படித்தவர்கள் நடுவே சாதாரணமாகக் கேட்டது. கேள்வியின் உள்ளே இருக்கிற நம்பிக்கையைப் பாருங்கள். உத்தியோகம் ஒரு மனிதனுக்கு நற்சாட்சி. மலையடிவாரத்தில் பிறந்தது குற்றத்துக்குச் சாட்சி.

நம் மொழியும் இதில் கூட்டு. 'வாச்சாத்தியில் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள்', 'வீடுகள் நொறுக்கப்பட்டன'. செயப்பாட்டு வினையில் செய்தவன் தப்பித்துவிடுகிறான். மேலே நானும் 'நொறுக்கப்பட்டன' என்று எழுதியிருக்கிறேன், வாசகர் கவனித்திருப்பார். வேண்டும் என்றேதான் ஒன்றை விட்டுவைத்தேன், பக்கத்து வாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று.

இந்த மொழிக்கு எதிராக இன்னொரு எழுத்து எப்படி உண்டானது? முதலில் அது நடந்து வந்தது. 1992 ஜூலையில் சித்தேரி மலைப்பக்கம் வேலை செய்துகொண்டிருந்த மலைவாழ் மக்கள் சங்கத்தினருக்குச் செய்தி எட்டி, பெ. சண்முகம் உள்ளிட்ட தோழர்கள் ஊருக்குப் போனபோது அது சூறையாடப்பட்டு வெறிச்சோடிக் கிடந்தது. ஒளிந்திருந்தவர்களிடமும் சிறையில் இருந்தவர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் நல்லசிவன் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அரசாங்க முத்திரை போட்ட தாளில் ஊராரின் சொல் ஏறியது அங்கேதான். இதைச் சொல்லாமல் விட்டால் அதிகாரத்தை ஒற்றைக் கல்லாகப் பார்க்கிற சோம்பேறித்தனம் ஆகிவிடும். கல்லில் விரிசல்கள் உண்டு. அதில் விரலை நுழைக்க ஆள் வேண்டும்.

1995 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. 1996இல் குற்றப்பத்திரிகை. அப்புறம் பதினைந்து வருஷம். இடையில் எத்தனை ஆட்சி மாறியது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆட்சி மாறினாலும் வழக்கின் வேகம் மாறவில்லை என்பதிலிருந்து, 269 பேரும் ஏதோ ஒரு கட்சியின் ஆட்கள் அல்ல, நிரந்தர அரசாங்கத்தின் ஆட்கள் என்பது புரியும். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 269 பேரும் குற்றவாளிகள். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரில் வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. பாலியல் வன்முறைக்காக 17 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு. மற்றவர்களுக்குக் குறைந்த தண்டனைகள்.

ஒரு அத்துமீறல் வெளியே வந்தால் அரசு வழக்கமாகச் சொல்வது, சில கறுப்பாடுகள் செய்தது என்பது. வாச்சாத்தித் தீர்ப்பின் முக்கியத்துவம் தண்டனையின் அளவில் இல்லை. அது குறைவுதான் என்பது என் எண்ணம். குற்றம் சாட்டப்பட்ட ஒருவர்கூட மீதி விடப்படவில்லை என்பதில் இருக்கிறது. 269இல் 269. கறுப்பாடு என்று காட்ட வெள்ளாடு ஒன்றுகூட இல்லை. மூன்று துறைகள் சேர்ந்த ஒரு நிர்வாகச் செயல், ஒரு நாள் அலுவல் என்று அந்த எண் சொல்கிறது.

இந்த இடத்தில் சட்டத்தின் பின்கதை ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1972இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற ஆதிவாசிப் பெண் போலீஸ் ஸ்டேஷனுக்குள் வன்முறைக்கு ஆளானாள். உடம்பில் காயமில்லை, கத்தவில்லை என்றெல்லாம் சொல்லி 1978இல் உச்சநீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. பெண்கள் இயக்கங்கள் கொதித்தெழுந்து, 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால், சம்மதம் இல்லை என்றே கொள்ளவேண்டும் என்றானது. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரியில் அமலுக்கு வந்தது. வாச்சாத்திப் பெண்கள் கூண்டில் ஏறி நின்றபோது அவர்கள் காலுக்குக் கீழே இருந்த தரை மதுரா போட்டுக்கொடுத்தது. ஒரு ஆதிவாசிப் பெண் தோற்ற வழக்கிலிருந்து வேறு பழங்குடிப் பெண்களுக்குப் பலம் வந்தது. சட்ட வரலாற்றை நீதிபதிகளின் வரலாறாக எழுதுகிறவர்கள் இதை எந்த அத்தியாயத்தில் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

அதே 1983 திருத்தம்தான் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. நல்ல விதி. ஆனால் வாச்சாத்தியில் ஒரு சிக்கல் வந்தது. பெண்களின் பெயரை மறைக்கலாம், ஊர்ப்பெயரை என்ன செய்வது? சமூகவியலாளர்கள் ஊரைக் காப்பாற்றப் புனைபெயர் வைப்பார்கள். ஆந்த்ரே பெத்தேய் எழுதிய தஞ்சாவூர்க் கிராமம் 'ஸ்ரீபுரம்' ஆனது, கேத்லீன் கஃப் எழுதியது 'கும்பப்பேட்டை' ஆனது. அக்கிரகாரத்துக்குப் புனைபெயர் கிடைத்தது. வாச்சாத்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் அந்த ஊர்ப்பெண் என்ன பதில் சொல்வாள்? சொன்ன மாத்திரத்தில் கேட்டவன் கண்ணில் ஒரு மாற்றம் வரும். கணக்கெடுப்பில் ஒரு வரியாக இருந்த பெயர் எல்லார் வாயிலும் வேறொன்றின் பெயராகிவிட்டது. இருந்தும் அந்தப் பெண்கள் ஒதுங்கவில்லை. கல்யாணம் கட்டிப் போனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று வயது ஏற ஏற, அதே சாட்சியத்தை மாற்றாமல் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று குறிப்பில் கட்டம் நிரப்பப்பட்டவர்கள் இருபது வருஷம் ஒரு பிரதியை நினைவில் பிசகாமல் வைத்திருந்தார்கள்.

மேல்முறையீடுகள் சென்னை உயர்நீதிமன்றத்தில் இன்னொரு பன்னிரண்டு வருஷம் கிடந்தன. 2023 மார்ச்சில் நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்பு எழுதுவதற்குமுன் நேரில் பார்க்க வேண்டும் என்று வாச்சாத்திக்கு வந்தார். ஏரி, மலையடிவாரம், ஊர் எல்லாவற்றையும் பார்த்தார். இப்படி வருகிற நீதிபதி அபூர்வம், பாராட்ட வேண்டும். கூடவே ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று அரசின் மூன்று துறைகளுக்கு அரூரிலிருந்து வாச்சாத்தி வந்துசேர அரைநாள்கூட ஆகியிருக்காது. நீதிமன்றம் அதே சாலையில் வந்துசேர முப்பது வருஷமும் ஒன்பது மாதமும் ஆனது. உள்ளடங்கிய கிராமம் என்று கையேட்டில் எழுதும் ஆசாமி இதில் எந்தத் தூரத்தை எழுதுவான்?

2023 செப்டம்பர் 29 அன்று எல்லா மேல்முறையீடுகளும் தள்ளுபடியாயின. வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு. வேலையோ சுயதொழிலோ ஏற்படுத்தித்தர வேண்டும், வாச்சாத்தியின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த நடவடிக்கை எடுக்க வேண்டும். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. 2011 பட்டியலில் ஆட்சியர் பதவியும் காவல் கண்காணிப்பாளர் பதவியும் இல்லை. சம்பவ இடத்தில் கால் வைத்தவர்கள்தான் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மேஜையிலிருந்து அனுப்பியவர்கள், அல்லது தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள், முப்பத்தொரு வருஷம் கழித்து ஒரு வாக்கியத்துக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வாச்சாத்தி தொலைவில் இருந்தது. அவர்களைப் பொறுத்தவரை தொலைவு ஒரு பாதுகாப்பு.

நஷ்ட ஈட்டு உத்தரவில் இன்னொரு பிரிவும் உண்டு. அந்தப் பெண்களில் இறந்துபோனவர்கள் இருந்தால் பணத்தை அவர்கள் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. இறந்துபோனவர்கள் இருந்தார்கள்.